விசாரணை அறிக்கை வெளிவர வேண்டும்

ஆசிரியருக்கு,

சொந்தப் படையின் ஏவுகணைக்கே வீரர்கள் பலியாகும் விபத்துகள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியதில் விமானப்படையினர் 6 பேரும் தரையில் இருந்த ஒருவரும் மாண்டனர். அது பெரிய தவறு என அவ்வாண்டு அக்டோபரிலேயே அப்போதைய விமானப்படைத் தளபதி ஒப்புக்கொண்டது பாராட்டுக்குரியது. ஆயினும், நம் விமானம் என்று அடையாளம் காட்டும் கருவி ஏன் அணைக்கப்பட்டிருந்தது, சுடும் உத்தரவு எவ்வாறு பிறந்தது என்பவற்றை விளக்கும் முழு அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை.

விமானப் பராமரிப்பில் பணியாற்றிய காலத்தில், ஒரு திருகாணியை மாற்றினாலும் மாற்றியவரும் சரிபார்த்தவரும் பதிவேட்டில் கையொப்பமிடாமல் விமானத்தை நாங்கள் வெளியே விட்டதில்லை. சுடும் ஆணைக்கும் அதே கண்டிப்பு வேண்டும். இரகசியங்கள் நீக்கிய அறிக்கையை ஓராண்டுக்குள் நாடாளுமன்றத்தில் வைப்பதையும், அதற்கு முன்பே உயிரிழந்தோர் குடும்பத்தினருக்கு நேரில் விளக்குவதையும் பாதுகாப்பு அமைச்சகம் விதியாக்க வேண்டும்.

- வாசகர், தாம்பரம்