சுறா வந்தால் யார் சொல்வது?

ஐயா,

நம் மலேசியாவின் கடலோர ஊரான போர்ட்டிக்சனில் பிள்ளைகள் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுறா தென்பட்டதாக ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தக் கரை, எந்த நாள் என்று அதில் ஒரு விவரமும் இல்லை. ஆனாலும் பள்ளி விடுமுறைக்கு வேன் பேசி வைத்திருந்த எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் பயணத்தை நிறுத்திவிட்டன. வலை போட்டுப் பிடித்துக் கொன்றால்தான் நிம்மதி என்று இளைஞர்கள் சிலர் பேசுகிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

ஆழமில்லாத தண்ணீருக்கு வரும் சுறாக்களில் துடுப்பு நுனி கறுத்திருக்கும் ஒரு வகை உண்டு. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம்தான். சின்ன மீன்களைத் தேடிக் கரைக்கு வரும். பெரும்பாலும் ஆளைக் கண்டால் விலகிப் போகும். திமிங்கிலச் சுறா பேருந்து நீளத்துக்கு வளரும், ஆனால் அது கடல்நீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் பொடி மீன்களையும் தின்பது. 1999ஆம் ஆண்டு மீன்வள விதிமுறைகளின்படி நம் நாட்டில் அது பாதுகாக்கப்பட்ட உயிர். கண்ட சுறாவையெல்லாம் கொல்லக் கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலகெங்கும் நடக்கும் சுறாத் தாக்குதல்களை புளோரிடா பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து வருகிறார்கள். 2023இல் மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 69. அதில் இறந்தவர்கள் 10 பேர். நீரில் மூழ்கியோ, 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. என் கவலையெல்லாம் இங்கேதான். நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. போட்ட உடுப்போடு கடலில் இறங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் கரையில் பாய் விரித்துச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் எட்டாமல் போனால், பார்க்க யார் இருக்கிறார்கள்?

சுறா விஷயத்தில் நாமும் கவனமாக இருக்கலாம். விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் தண்ணீரில் இறங்க வேண்டாம். தூண்டில் போடும் இடத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் குளிக்க வேண்டாம். மீன் குடலைக் கரையோரத்தில் வீசக் கூடாது. பிள்ளைகளின் கொலுசையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிடுங்கள். அவை தண்ணீரில் மினுங்கும்போது சுறாவுக்கு மீன் செதில் போலத் தெரியும்.

மற்றது அதிகாரிகளின் கையில் இருக்கிறது. சுறா தென்பட்டது உண்மையா, எந்த வகை, எந்தக் கரையில் எத்தனை நாள் இறங்கக் கூடாது என்பதை மீன்வளத் துறை அன்றைக்கே அறிவித்தால் வதந்திக்கு இடமில்லை. விடுமுறை நாள்களில் பொதுக் கடற்கரை ஒவ்வொன்றிலும் உயிர்காப்பாளர்கள் நிற்க வேண்டும். ஆபத்தான இடத்தில் சிவப்புக் கொடி பறக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையில் தமிழும் இருக்கட்டும். ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களில், தண்ணீரில் இறங்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிமார்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ரந்தாவ்