வாடகை இடத்துக்கா, கவனிப்புக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சும்மா கிடக்கும் லாயத்தையும் புல்வெளியையும் குதிரை வைத்திருப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனையில் தவறில்லை. நானும் பல வருடங்களாக அதைத்தான் செய்துவருகிறேன். ஆனால் கட்டுரையாளர் பிறர் குதிரையை வைத்துக்கொள்ளும் முறைகளை வரிசைப்படுத்திவிட்டு (முழுப் பராமரிப்பு, பாதிப் பராமரிப்பு, இடம் மட்டும், மேய்ச்சல் மட்டும்), புதிதாக இறங்குபவர்களுக்கு "இடம் மட்டும்" (தீனியும் கவனிப்பும் குதிரைக்காரர் பொறுப்பு) என்பதே தலைவலி இல்லாதது என்று முடித்திருக்கிறார். அங்கேதான் எனக்கு மறுப்பு. இடம் மட்டும் விடுவது என்பது காகிதத்தில்தான் இருக்கிறது. குதிரைக்காரர் தினம் ஒரு முறையோ இரண்டு முறையோ வந்து போவார். மீதி நேரம் முழுக்கக் குதிரை நம் கண் முன்னால்தான் நிற்கும்.

இரவு பதினொரு மணிக்கு ஒரு குதிரை தீனியைத் தொடாமல் தரையைக் காலால் பறிக்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுவலி. மனிதனுக்கு வந்தால் கஷாயத்தோடு போகும், குதிரைக்கு அப்படியில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் பருமனுக்கு இரைப்பை மிகச் சிறியது, 10, 15 லிட்டர்தான் கொள்ளும். சிறுகுடல் மட்டுமே 20 மீட்டர் அளவுக்கு நீளம். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உரிமையாளரின் கைபேசி அணைந்திருக்கிறது. மருத்துவரை யார் கூப்பிடுவது? பணம் யார் கொடுப்பது? அறுவை சிகிச்சைதான் வழி என்று மருத்துவர் சொன்னால் சரி என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? பிழைக்காது, வேதனையை முடித்துவிடலாம் என்றால்? இவை எதையும் கட்டுரையில் தந்த ஒப்பந்தக் குறிப்பில் காணோம். வாடகைத் தேதி, முன்பணம், கூரை பழுது பார்ப்பது எல்லாம் இருக்கின்றன. உரிமையாளர் கிடைக்காதபோது எந்த மருத்துவரை அழைக்கலாம், எவ்வளவு செலவு வரை அவர் சம்மதம் கேட்காமல் செய்யலாம், அவருக்குப் பதில் யார் முடிவெடுப்பார் என்று மூன்று வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடாமல் நான் எந்தக் குதிரையையும் உள்ளே விடுவதில்லை.

அடுத்தது நிலக் கணக்கு. பத்து அறை இருந்தால் பத்துக் குதிரை என்கிறார் கட்டுரையாளர். அறைக் கணக்கு வேறு, புல் கணக்கு வேறு. 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது ஈரம் நீக்கிய கணக்கில் 10 கிலோ அளவுக்குத் தின்னும். விட்டால் நாளில் பதினாறு மணி நேரம் கூட மேய்ந்துகொண்டே இருக்கும். செழிப்பான புல்வெளியிலேயே ஒரு குதிரைக்கு ஒன்று முதல் இரண்டு ஏக்கர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மழை குறைந்த நிலத்தில் இது எவ்வளவு கூடும் என்பதை அந்தந்த மண்தான் சொல்லும். அங்கெல்லாம் நிலம் குதிரை காலாற நடக்கும் இடம் என்று வைத்துக்கொண்டு, வருடம் முழுக்க உலர்புல் வாங்கும் செலவையும் வாடகையில் சேர்த்துவிடுவதே நேர்மை.

மாடு மேய்த்த அனுபவத்தை வைத்துக் குதிரைக்குக் கணக்குப் போடுபவர்களும் ஏமாறுவார்கள். மாட்டுக்கு முன்பக்க மேல்பல் கிடையாது. நாக்கால் சுற்றி இழுத்துத் தின்னும். குதிரை மேலும் கீழும் உள்ள வெட்டுப்பற்களால் தரையோடு நறுக்கிவிடும். லத்தி போட்ட இடத்துப் புல்லை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். கவனிக்காமல் விட்ட புல்வெளி ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் இடுப்பளவு களையாகவும் போவது இதனால்தான். ஒரு குதிரை ஒரு நாளைக்கு லத்தியும் மூத்திரமுமாக 20 கிலோவுக்கு மேல் போடும், வருடத்துக்கு ஏழெட்டு டன். அள்ளுவது யார், எங்கே குவிப்பது, எரு யாருக்கு என்பதைப் பேசாமல் ஆரம்பித்த லாயங்களில் முதல் சண்டை இதில்தான் வரும்.

லத்தியை அள்ளுவது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. அதிலிருக்கும் குடற்புழு முட்டைகள் பொரித்து, புழுக்கள் ஈரப் புல்லில் ஏறி, மேயும்போது அடுத்த குதிரையின் வயிற்றுக்குப் போகின்றன. வாரம் இரண்டு முறையாவது அள்ள வேண்டும், நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்க வேண்டும். முடிந்தால் இடையில் ஆடுமாடு மேயவிடலாம், ஏனென்றால் குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றின் வயிற்றில் பிழைக்காது. இப்போது யோசியுங்கள்: ஒரே வெளியில் ஐந்து பேரின் குதிரைகள் மேய்கின்றன. ஒருவர் மாதாமாதம் புழு மருந்து கொடுக்கிறார், இன்னொருவர் கொடுப்பதே இல்லை, மூன்றாமவர் அளவைக் குறைத்துக் கொடுக்கிறார். மருந்துக்கு அசையாத புழுக்கள் பெருகுவது இப்படித்தான். எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் லத்திப் பரிசோதனை, தேவைப்பட்டதற்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் மருந்து என்ற விதியை இடத்துக்காரர்தான் போட முடியும். தம் விருப்பப்படி செய்யும் வாடகைக்காரர்களுக்கு இது முதலில் பிடிக்காது.

புதுக் குதிரை வரும்போதும் இதே கதை. ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொண்டைக் கட்டி நோய் தொற்றி வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். குறைந்தது மூன்று வாரம் தனி இடம், தனி வாளி, தனிப் பிரஷ். அந்தத் தனி இடம் இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு இன்னும் தயாராகவில்லை என்பேன். இது தவிர, முதலில் ஒரே ஒரு குதிரையோடு தொடங்கிப் பாருங்கள் என்ற அறிவுரையும் எனக்கு உடன்பாடில்லை. குதிரை கூட்டத்தில் வாழும் விலங்கு. தனியாக நிறுத்தினால் வேலியோரமாகவே நடந்து நடந்து தேயும். ஒன்று நம் குதிரை துணைக்கு இருக்க வேண்டும், அல்லது இரண்டாக எடுக்க வேண்டும்.

அறையின் அளவு, காற்றோட்டம் பற்றிக் கட்டுரை சொன்னது சரியே; 12 அடிக்கு 12 அடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, நானும் அதையே சொல்வேன். வேலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முள்கம்பி வேண்டவே வேண்டாம். மிரண்ட குதிரை கம்பியைப் பார்க்காது, உள்ளே பாய்ந்துவிடும். வேலியோரம் அழகுக்காக வைத்த அரளியையும், தானாக முளைத்த ஆமணக்கையும் வேரோடு எடுத்துவிடுங்கள். இரண்டும் குதிரைக்கு விஷம். வேலி நன்றாக இருந்தாலும் ஆபத்து முடிந்துவிடாது. பிரிட்டனில் இரவில் எதற்கோ மிரண்டு வேலியை உடைத்து நெடுஞ்சாலைக்கு ஓடிய குதிரை கார் மேல் மோதிய வழக்கில், கவனக்குறைவு என்று சொல்ல எதுவும் இல்லாதபோதும் குதிரையை வைத்திருந்தவர்களே நஷ்டஈடு தரவேண்டும் என்று 2003-ல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். காப்பீடு இல்லாமல் பிறர் குதிரையை வைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு அந்த ஒரு வழக்கே போதும்.

வாடகை பாக்கி விஷயம் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோகிறது: "வாடகை தராதவரை வெளியேற்றலாம்." வீட்டுக்காரர் அப்படிச் சொல்லலாம். மூன்று மாதம் வாடகை கட்டாமல் ஆளும் காணாமல் போனால், குதிரையை வெளியேற்றி எங்கே விடுவது? அது காலையில் தீனிக்குக் கனைக்கும், போடாமல் இருக்க முடியுமா? மனசாட்சியை விடுங்கள், சட்டமும் விடாது. இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில், விலங்கைத் தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருப்பவரும் அதன் நலனுக்குப் பொறுப்பாளிதான். பாக்கிக்குக் குதிரையைப் பிடித்துவைத்து விற்றுவிடலாம் என்றும் நினைத்துவிட முடியாது. பழைய ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில், மேய்த்துத் தீனி போட்டவருக்கு அந்த உரிமை தானாக வருவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டுத்தான் கொடுத்தன. ஆகவே எத்தனை நாள் பாக்கி, எப்படி அறிவிப்பு, அதன் பிறகு குதிரையை என்ன செய்யலாம் என்பதை உள்ளூர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத் தீனிச் செலவுக்குக் குறையாத முன்பணம் வாங்குவது நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

குதிரைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. உலர்புல் விலை ஏறியதென்று திடீரென வாடகையை உயர்த்துவதும், அடுத்த வாரமே காலி செய்யச் சொல்வதும் நடக்கத்தான் செய்கிறது. வேறு லாயம் தேட ஒரு மாதமாவது வேண்டும். வந்து போகும் நேரத்தையும், அவர் குதிரை மேல் வேறு யாரும் ஏறக்கூடாது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறர் குதிரைக்கு ஆசையாய்த் தின்பண்டம் ஊட்டுபவர்களைத் தடுக்கவும் ஒரு வரி சேர்க்கலாம். (இந்த ஆசைக்காரர்கள் எல்லா லாயத்திலும் இருப்பார்கள். குளம்பு அழற்சி வந்து அளவுத் தீனியில் இருக்கும் குதிரையைத்தான் தேடிப் பிடித்து ஊட்டுவார்கள்.)

கட்டுரையாளர் அடுத்த பகுதியும் எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அதில் ஒரு கால்நடை மருத்துவரையும் ஒரு வழக்கறிஞரையும் சேர்த்துக்கொண்டு முழுமையான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டால், லாயம் வைத்திருப்பவர்களும் குதிரை வைத்திருப்பவர்களும் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
லாயம் நடத்தும் வாசகர் ஒருவர்