ஜெபம் வராத நாட்களைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. பயம் என்னவோ எங்களுக்குத்தான்.

வேலை போனதிலிருந்து ஜெபம் வரவில்லை என்கிறாய். சோதனைகளைச் சந்தோஷமாக எண்ணுங்கள் என்று பைபிளில் யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் எழுதிய வசனத்தை ஆளாளுக்கு அனுப்புகிறார்கள் என்றும் சலித்துக்கொண்டாய். அனுப்புகிறவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறது, விடு. ஆனால் அதே முதல் அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளிப் படித்துப் பார். அவனவன் தன் சொந்த இச்சையால் இழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்கிறான் என்கிறார் யாக்கோபு. வெளியே நெருக்கடி வரும்போதுதான் உள்ளே இழுப்பும் வருகிறது.

இயேசுவிடமும் பிசாசு நேரம் பார்த்துத்தான் வந்தான். 40 நாள் உபவாசம் முடிந்து பசி எடுத்தபோது, ‘நீர் தேவனுடைய குமாரனேயானால் இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்’ என்றான். ‘இவர் என்னுடைய நேசகுமாரன்’ என்று வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்டது, மத்தேயு சுவிசேஷத்தில் அதற்கு முந்தின அதிகாரத்தில்தான். அப்பம் வெறும் சாக்கு. பிதா சொன்னதைச் சந்தேகப்பட வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொய் பில் எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் பணம் தருவதாக ஒருவர் வந்தாரே, அதையும் இப்படித்தான் பார்க்கிறேன். கையில் காசு இருந்த காலத்தில் கேட்டிருந்தால் சிரித்தே அனுப்பியிருப்பாய். இப்போது ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் யோசித்திருக்கிறாய். அதை விசுவாசக் குறைவு என்று நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் நேர்மைக்கு இதுவரை யாரும் விலை பேசியதில்லை, இப்போதுதான் பேசினார்கள். யோசித்து, கஷ்டப்பட்டு, காலையில் முடியாது என்றாயே, அந்த நேர்மை முன்பு இருந்ததைவிடக் கெட்டியானது. ஜெபம் வராத மனுஷன் செய்கிற காரியமா அது?

தம் சீஷன் பேதுருவிடம் இயேசு பேசியதும் நினைவுக்கு வருகிறது. கோதுமையைச் சுளகில் புடைப்பதுபோல் உங்களைப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டிருக்கிறான் என்றார். அது நடக்காமல் தடுக்கும்படி வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றார். அதற்குப் பிறகும் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் மறுதலித்தான். ஆனாலும் மனங்கசந்து அழுதான், திரும்பி வந்தான். என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று இயேசு சொன்னது அவனிடம்தான். நாமே வேண்டமுடியாத நாட்களிலும் நமக்காக ஒருவர் வேண்டுகிறார் என்பது எனக்கு இதில் கிடைத்த பெரிய ஆறுதல்.

ஒரு விஷயம் மட்டும். சோதனையெல்லாம் முடித்த பிசாசு ‘சிலகாலம்’ விலகிப்போனான் என்றுதான் லூக்கா எழுதுகிறார். அந்தப் பொய் பில் ஆளும் மறுபடி வரலாம், கூடுதல் தொகையோடு. வந்தால் தனியாகப் புரண்டுகொண்டிருக்காதே, எத்தனை மணியானாலும் போன் பண்ணு. ஜெபம் வராவிட்டால் சும்மா பேசிக்கொண்டிருப்போம்.

அப்புறம், உன் பயோடேட்டாவை உடனே அனுப்பு. தெரிந்த இரண்டு இடங்களில் கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

கர்த்தருக்குள்,
உன் பழைய நண்பன்