மே மாதத்துக்கு மாரா வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆப்பிரிக்க சஃபாரி கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பெண் என்னிடம் வந்தாள். மே மாத விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கென்யா போகலாமா என்று கேட்டாள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. கட்டுரையில் பத்துப் பூங்காக்களின் பெயர்கள், அழகான படங்கள், ஏழு நாள் பயணத் திட்டம் எல்லாம் இருந்தன. எந்த மாதம் போக வேண்டும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தில், மாரா ஆற்றைக் கூட்டம் கூட்டமாகக் கடக்கும் வில்டபீஸ்ட் (மாடு போல் தோன்றும் மான் இனம்) படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். அது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை நடப்பது. மே மாதத்தில் அந்தக் கூட்டம் மாராவுக்கே வந்திருக்காது, எல்லைக்குத் தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டியில் இருக்கும். கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச்சிலிருந்து மே வரை பெருமழைக் காலம். கரிசல் மண்ணில் வண்டி புதைந்துவிடும், புல் உயர்ந்து நிற்கும், பல கூடார விடுதிகளை மூடியே வைத்திருப்பார்கள். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை சரியாக அந்த மழையில்தான் போய் விழுகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக எழுதும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான் இல்லையா?

மே மாதம்தான் வசதி என்றால் ஆப்பிரிக்காவின் தெற்கே போகலாம். தென்னாப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் நமீபியாவிலும் அப்போதுதான் மழை முடிந்து குளிர் தொடங்கும். இலை உதிரும், புல் காயும், வாரங்கள் போகப் போக விலங்குகள் தண்ணீரைத் தேடி வர ஆரம்பிக்கும். நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் நீங்கள் விலங்கைத் துரத்தவே வேண்டாம். ஒக்காகுயேயோ முகாமில் ஒரு நீர்நிலைக்கு இரவெல்லாம் விளக்குப் போட்டிருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யானையும் கருப்புக் காண்டாமிருகமும் தாமாகவே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. முக்கியமான சாலைகளெல்லாம் தார்ச்சாலை, நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டலாம். என் தம்பி குடும்பம் ஜோகன்னஸ்பர்க்கில் வாடகைக்குக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். குழந்தைக்குப் பசித்தால் முகாமுக்குத் திரும்பலாம், யானை மறித்தால் அரை மணி நேரம் காத்திருக்கலாம், அவசரப்படுத்த யாரும் இல்லை. க்ரூகரில் மலேரியா உண்டு, அதைச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசிக்கத்தான் வேண்டும். அதே நாட்டில் பிலான்ஸ்பெர்க் பூங்காவும் அட்டோ யானைப் பூங்காவும் மலேரியா இல்லாத இடங்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னது பிலான்ஸ்பெர்க்தான்.

அடுத்து அந்த ஏழு நாள் திட்டம். ஐந்து பூங்காக்கள்! 2019 ஆகஸ்டில் நாங்களும் இதே மாதிரி ஒரு திட்டத்துக்குத்தான் பணம் கட்டினோம். கென்யாவின் அம்போசெலி பூங்காவில் ஒரு இரவு. அதிகாலையில் மேகம் விலகி, 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோவின் அடியில் யானைக்கூட்டம் நடந்து போனதைக் கண் நிறையப் பார்க்கக்கூட விடவில்லை. "நேரமாகிவிட்டது" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். அன்று முழுவதும் சாலையிலேயே போயிற்று. நகுரு ஏரிப் பூங்காவில் இரவு, அடுத்த நாள் மறுபடி சாலை. என் கணவருக்கு முதுகுவலி வந்து, மாராவில் இருந்த ஒரே மாலையில் அவரால் வண்டியில் உட்காரவே முடியவில்லை. பயண நிறுவனத்திடம் கேட்டபோது, திட்டத்தில் எழுதியபடிதானே செய்தோம் என்றார்கள். எழுதியபடிதான் செய்தார்கள். பூங்காக்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிட்டோம்.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. வில்டபீஸ்ட் கூட்டம் கரை வரைக்கும் வந்தது. எதிர்க்கரையில் முப்பதுக்கு மேல் வண்டிகள். கூட்டம் இறங்க ஆரம்பித்ததும் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்தன. முன்னால் வந்த விலங்குகள் மிரண்டு திரும்பிவிட்டன. அந்த வண்டிகளில் ஒன்றில் நானும் இருந்தேன். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று மாராவில் விதி இருக்கிறது. அங்கே சிவிங்கிப்புலிகளை (சீட்டா) பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. சுற்றுலா வண்டிகள் குறைவாக உள்ள பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டு குட்டிகளுக்கு மேல் வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டிதான் தேறுகிறது. மாராதான் வேண்டும் என்பவர்கள் அதை ஒட்டியிருக்கும் மாசாய் மக்களின் நிலங்களில் தங்கலாம். அங்கே வண்டிகளுக்கு வரம்பு உண்டு, நிலக் குத்தகையும் அந்த மக்களுக்கே போகிறது. விலை கூடுதல்தான். ஆனால் மாரா காப்பகத்திலேயே இப்போது ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம். மற்ற ஆறு மாதங்களில் அதில் பாதி.

2023 பிப்ரவரியில் நாங்கள் இருவரும் தான்சானியா போனோம். இந்த முறை இரண்டே இடம். செரெங்கெட்டியின் தெற்கு விளிம்பில் இருக்கும் ன்டுட்டுவில் நான்கு இரவு, ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு இரவு. எரிமலைச் சாம்பல் படிந்த ன்டுட்டு சமவெளியில் புல் கணுக்கால் உயரம்தான், ஆனால் சத்துள்ள புல். ஆண்டுதோறும் அங்கே வந்துதான் வில்டபீஸ்ட்கள் குட்டி போடுகின்றன, பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். ஒரு குட்டி விழுந்ததையும், தடுமாறி எழுந்ததையும், பத்து நிமிடத்துக்குள் தாயின் பின்னால் ஓடியதையும் பார்த்தோம். எங்கள் வண்டியைத் தவிர அங்கே ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தான்சானியாவிலேயே இருக்கும் தாரங்கிரே பூங்காவைத் தெரிந்தேதான் விட்டோம். பெருக்கமரங்களுக்கு (பாவோபாப், இலங்கையின் மன்னாரில் நிற்கிறதே, அதே மரம்) நடுவே யானைகள் திரளும் அருமையான இடம், ஆனால் அது ஜூலைக்குப் பிறகு. பிப்ரவரியில் அவை மேய்ச்சல் தேடிப் பூங்காவுக்கு வெளியே பரவிப் போயிருக்கும்.

கென்யா, உகாண்டா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுவிட வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இங்கே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். அப்புறம், காட்டுக்குள் போகும் சின்ன விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், அதுவும் மடங்கும் பையாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை போடும்போது, ஒவ்வொரு பூங்காவின் பெயருக்குப் பக்கத்திலும் அங்கே போக வேண்டிய மாதத்தையும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சாலையில் எத்தனை மணி நேரம் என்பதையும் தயவுசெய்து அச்சிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களுக்கென்று தனியாக ஒரு பத்தி இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்