அம்மா போன் தொலையல, திருடு போச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல காணாமல் போன செல்போன்களை போலீஸ் மீட்டு உரியவங்ககிட்ட ஒப்படைச்ச செய்தி போட்டோவோட வந்திருந்துச்சு. மீட்டுக் குடுத்தவங்களுக்கு நன்றி சொல்லியே ஆகணும், போன் திரும்பக் கிடைச்சவங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனா அந்த "காணாமல் போன"ங்கிற வார்த்தையைப் பாத்ததுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

எங்க அம்மாவுக்கு 67 வயசு. சுகர் மாத்திரை வாங்கிட்டு டவுன் பஸ்ல வந்தாங்க, இறங்கிப் பாத்தா கட்டைப்பைக்குள்ள வச்ச போன் இல்ல. பையோட அடியில பிளேடு போட்டு ஒரு ஜாண் நீளத்துக்கு நேர்கோடு மாதிரி கிழிச்சிருக்கான், மாத்திரை அட்டை ஒண்ணும் அந்த வழியா விழுந்து போயிருக்கு. அந்தப் பையையே எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் போனோம். ரைட்டர் பையை வாங்கி கிழிசல்ல விரலை விட்டுப் பாத்துட்டு, "திருடு போச்சுன்னு எழுதாதீங்கம்மா, பஸ்ல தவறிடுச்சுன்னு எழுதிக் குடுங்க, சிஎஸ்ஆர் போட்டுத் தர்றேன், அது இருந்தாலே போனை பிளாக் பண்ணிடலாம், புது சிம்மும் வாங்கிக்கலாம்"னார். மிரட்டல்லாம் இல்ல, தன்மையாத்தான் சொன்னார். அம்மா ஏற்கனவே எழுதின பேப்பரை மடிச்சு பைக்குள்ள வச்சுட்டு வேற பேப்பர் வாங்கி, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கையெழுத்து போட்டாங்க.

இதுல என்ன ஆகுதுன்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல. சிஎஸ்ஆர்ங்கிறது மனு வாங்கினதுக்கு ரசீது, அவ்வளவுதான், அது கேஸ் பதிவு பண்ற எஃப்ஐஆர் கிடையாது. டெல்லியில தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுற புள்ளிவிவரம் எஃப்ஐஆரை வச்சுத்தான். அப்போ அம்மாவுக்கு நடந்த திருட்டு கண்டுபிடிச்ச கேஸ்லயும் வராது, கண்டுபிடிக்காத கேஸ்லயும் வராது, கணக்குப்படி அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. நாளைக்கு அந்த போன் கிடைச்சாலும் தொலைஞ்ச போன் கிடைச்சதாத்தான் சொல்லுவாங்க, பிளேடு போட்டவன் எங்கயும் வரமாட்டான்.

இதே ஸ்டேஷன்ல ரெண்டு வருஷம் முன்னாடி என் தம்பி பைக் காணாம போனப்போ மறுநாளே எஃப்ஐஆர் போட்டுக் குடுத்துட்டாங்க. ஏன்னா இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்ஐஆர் கேட்கும், அப்புறம் வண்டி கிடைக்கலன்னு 'நான்-டிரேசபிள்' சர்டிபிகேட்டும் கேட்கும், அதனால பதிவு பண்ணாம இருக்க முடியாது. அப்போ வண்டித் திருட்டு கணக்கு ஓரளவுக்கு நிஜத்துக்குப் பக்கத்துல இருக்கும்னு வச்சுக்கலாம், பஸ்ல போற பர்ஸும் போனும் அப்படி இல்ல, அதைக் கேக்க எந்த கம்பெனியும் வராது.

ரைட்டர் மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல. எஃப்ஐஆர் போட்டா அது ஒரு கேஸ், ஆள் சிக்கலன்னா மாசா மாசம் க்ரைம் மீட்டிங்ல இது ஏன் இன்னும் கண்டுபிடிக்கலன்னு மேலதிகாரி கேட்பார், கடைசியில உண்மைதான் ஆனா துப்பு கிடைக்கலன்னு எழுதி மூடணும். தொலைஞ்சதுன்னு எழுதிட்டா யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க.

கண்டுபிடிச்ச கணக்கு அதைவிடக் குழப்பம். குற்றப்பத்திரிகை, அதாவது சார்ஜ்ஷீட் விகிதம்னு ஒண்ணு சொல்றாங்க, அதை மொத்த எஃப்ஐஆரால வகுக்கறதில்ல, போலீஸ் விசாரிச்சு முடிச்ச கேஸால மட்டும்தான் வகுக்கறாங்க. நூறு கேஸ்ல அறுபது இன்னும் விசாரணையிலேயே கிடக்குது, நாப்பது முடிஞ்சுது, அதுல முப்பதுக்கு சார்ஜ்ஷீட் போட்டாச்சுன்னு வைங்க, விகிதம் 75ன்னு வரும். படிக்கிற நாம முக்கால்வாசி திருடனைப் புடிச்சுட்டாங்கன்னு நெனச்சுக்குவோம். சார்ஜ்ஷீட் போட்டா தண்டனை ஆச்சுன்னு அர்த்தமும் இல்ல, அது வேற கணக்கு.

2013ல லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதிகள் தெளிவாவே சொல்லிட்டாங்க, பிடிவாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு. 2024 ஜூலைல வந்த புதுச் சட்டத்துல 5,000 ரூபாய்க்குக் குறைஞ்ச திருட்டை அந்த வகையிலேர்ந்து எடுத்துட்டாங்க, அதனால பழைய சின்ன போன் வச்சிருக்கிற ஏழைங்க பாடு இன்னும் கஷ்டம். அம்மா போன் 9,000 ரூபாய், பில்லும் கையில இருந்துச்சு.

இங்கிலாந்துல 2014ல போலீஸை ஆய்வு பண்ற அமைப்பே, ஜனங்க சொன்ன புகாரையும் போலீஸ் பதிவு பண்ணினதையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்துது, நூத்துக்கு 19 குற்றம் ஏட்டுல ஏறவே இல்லன்னு வெளிப்படையா அறிக்கை விட்டுச்சு. இங்கயும் அதைச் செய்யலாம், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் சிஎஸ்ஆர் கணக்கு இருக்கு, உக்காந்து பாக்க ஆள்தான் வேணும்.

உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். அடுத்த தடவை "மாவட்டத்தில் குற்றங்கள் குறைந்தன"ன்னு செய்தி வந்தா, சிஎஸ்ஆர் எத்தனை, அதுல எஃப்ஐஆர் ஆனது எத்தனை, துப்பு கிடைக்கலன்னு மூடினது எத்தனைன்னு உங்க நிருபர் கேட்டு, பதிலையும் சேத்துப் போடணும். பதில் சொல்லலன்னா, சொல்லலன்னு போடுங்க. எண்ணிக்கை கூடினா போலீஸுக்கு அவமானம்னு நாமளும் எழுதக்கூடாது, குற்றம் கூடறதும் பதிவு கூடறதும் ஒண்ணு இல்லன்னு அந்த ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில சொல்லுது.

ஸ்டேஷன்ல வாங்கலன்னா புகாரை எழுதி எஸ்பிக்குத் தபால்ல அனுப்ப சட்டத்துல வழி இருக்கு. அம்மா மடிச்சு வச்சிருந்த அந்த முதல் பேப்பரை, கிழிஞ்ச பையோட போட்டோவும் சேத்து, திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டோம். டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, பதிலுக்குக் காத்திருக்கோம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி