45 ரூபாய் வித்தியாசம்

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள குமாரு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத நாலு தரம் உட்கார்ந்து, நாலு தரமும் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும். முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களா? தங்கச்சியிடம் சொல், அப்புறம் ஒரு மாசம் உன்னை மாடி ஏற விட வேண்டாம் என்று.

பெரியவள் விஷயம் கேட்டிருந்தாய். எட்டு மாசமாகத் தீசிஸ் மூன்றாவது அத்தியாயத்திலேயே நிற்கிறது. சோதனையெல்லாம் முடித்துவிட்டாள், முடிவுகளும் கையில் இருக்கின்றன. எழுதினதைக் கைடிடம் கொடுக்கத்தான் மாட்டேன் என்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரியும். எட்டிப் பார்த்தால் அதே பக்கத்தைத் திருத்திக்கொண்டிருப்பாள். அப்புறம் சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. ஒருநாள், "எனக்குப் படிக்கவே தகுதி இல்லப்பா" என்றாள். அன்றைக்குத்தான் பயந்துபோய் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். மனச்சோர்வு என்றார். மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய.

கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறி என்றுதானே நாம் சொல்வோம்? அதில் சில பேர் குறை வந்துவிடுமோ என்ற பயத்தில் கொடுக்காமல் இருக்கிறவர்களாம்.

எதிலும் துளிக் குறையும் இருக்கக்கூடாது என்று தவிக்கிற இந்தக் குணத்துக்குப் பெயர் பெர்ஃபெக்‌ஷனிசம். ஓசிடி என்று எல்லாரும் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்களே, அது வேறு; வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டுகிற நோய். டாக்டர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது. மனிதர்களின் குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பார்களாம். அதில் ஒன்று பொறுப்பும் ஒழுங்கும். இன்னொன்று சட்டென்று கலங்கிப் போகும் சுபாவம். நல்லாச் செய்யணும் என்ற ஆசை முதலாவதோடு சேர்ந்து போகிறது. தப்பாகிவிடுமோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற உதறல் இரண்டாவதோடு. மனச்சோர்வு, பதற்றம், சாப்பாட்டுக் கோளாறு எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியாகத்தான் வருகின்றன. முதலாவதும் சுத்தத் தங்கம் இல்லை. அடி விழுகிற நாளில் அதுவும் கடிக்கும் என்றார்.

நம்ம பேங்க் பிராஞ்ச் ஞாபகம் வந்தது. 84ல் ஒரு ராத்திரி லெட்ஜர் பேலன்ஸ் 45 ரூபாய் இடித்தது. "சஸ்பென்ஸ்ல போட்டு மூடுடா, காலைல பாத்துக்கலாம்" என்று, கணக்கில் இடிக்கிறதைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிற அந்தக் கணக்கைக் காட்டிவிட்டு நீ ஒன்பதரை பஸ்ஸுக்கு ஓடினாய். நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதால் வகுபடுகிற வித்தியாசம் என்றால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று தெரியும். பதினொன்றே முக்காலுக்குப் பிடித்தேன்: 72ஐ 27 என்று எழுதியிருந்தது யார் தெரியுமா? நான்தான். இதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை. நீதான் எழுதினாய் என்று நீயே நினைத்துக்கொண்டிருந்தாய், நானும் விட்டுவிட்டேன். டேலி ஆன சந்தோஷம் ஐந்து நிமிஷம் கூட இருக்கவில்லை. தப்பு என்னுடையது என்று யாருக்காவது தெரிந்துவிடுமோ என்பதுதான் விடியும்வரை.

சரி, இவளுக்கு வருவோம். 1991ல் கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் என்று இரண்டு பேர் இந்தக் குணத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் போட்டார்கள். அதிலும் 45 கேள்வி, பார்த்துக்கொள்! இந்தக் குணத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தன்னிடமே குறையில்லாமையைக் கேட்பது ஒன்று. அடுத்தவரிடம் கேட்பது இன்னொன்று. மற்றவர்கள் தன்னிடம் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு வாழ்வது மூன்றாவது. ஆளை அதிகமாக உருக்குவது இந்த மூன்றாவதுதான். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 40,000 பேருக்கு மேல் எழுதின பதில்களைப் பிற்பாடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 1989க்கும் 2016க்கும் நடுவே மூன்றுமே ஏறியிருக்கின்றன. முதல் வகை 10 சதவீதம், மூன்றாவது 33 சதவீதம். நம் ஊரில் யாராவது இப்படி அளந்தால் எவ்வளவு வருமோ.

மூன்றாவது வகைக்கு 'மற்றவர்கள்' என்று யாராவது வேண்டுமே. டாக்டர் ரூமில் நானும் உட்கார்ந்திருந்தபோது அவள் ஒரு கதை சொன்னாள். ஆறாம் வகுப்பில் இந்தியா மேப்பில் நதிகள் வரைந்து வைத்திருந்தாள். காவிரி கொஞ்சம் கோணல். அவள் தூங்கின பிறகு நான் அந்தத் தாளை எடுத்துவிட்டு, புதுத் தாளில் பளிச்சென்று வரைந்து நோட்டில் ஒட்டி வைத்தேன். டீச்சர் 'வெரி குட்' போட்டாராம். "அது எனக்குப் போட்டது இல்லையேப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அந்த மேப் ஞாபகமே இல்லை, குமாரு. உதவி செய்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்திருப்பேன்.

முழுக்க என்னால்தான் என்று சொல்ல முடியாதாம். பிறவிச் சுபாவமும் உண்டு, வளர்ப்பும் உண்டு. சின்னவன் அதே வீட்டில்தானே வளர்ந்தான், பாதி டிபனில் எழுந்து போகிறவன் இல்லையா அவன்.

இப்போது அவளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். வேண்டுமென்றே ஒரு சின்னத் தப்பு செய்து, என்ன ஆகிறது என்று பார்க்கணும். போன வெள்ளிக்கிழமை நம் குடும்ப வாட்ஸப்பில் 'அணைவருக்கும் காலை வணக்கம்' என்று போட்டாள். இருபத்து மூன்று பேர் கும்பிட்டார்கள், பூ போட்டார்கள். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நான்தான் 'அனைவருக்கும்' என்று டைப் அடித்து, அனுப்பப் போகிற நேரத்தில் சட்டென்று அழித்தேன். அவள் சமையலறையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்து சிரித்தாள்.

அத்தியாயம் இன்னும் போகவில்லை. முதல் பத்துப் பக்கத்தை மட்டும் கைடுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஆபரேஷன் தேதி தெரிந்ததும் போன் பண்ணு, நான் இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறேன். அந்த 45 ரூபாய்க்கு நீ என்னை எவ்வளவு திட்டணுமோ அப்போது நேரில் திட்டிக்கொள்.

உன்,
சீனு