சுங்கை சிப்புட் மக்களுக்கும், நாற்காலி கொடுத்த பாக்சிக்குக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

முந்தாநாள் சாயங்காலம் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. மேல்முறையீட்டு முடிவு வந்தது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வி படிக்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது. முதல் விண்ணப்பத்தில் 12 இடம் போடலாம். நான் முதலாவதாகப் போட்டது அதைத்தான். கைப்பேசியில் அந்த வரியைக் காட்டியதும் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டி தோட்டத்து லயம் முழுக்க ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. நெஞ்சில் இருப்பது ஆறிப்போவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஐந்தாம் படிவத்தில் எழுதிய என் எஸ்.பி.எம். தேர்வு முடிவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு ஏ கூட இல்லை. மலாயில் சி, கணக்கில் இ. "பிள்ளையை ஃபேக்டரிக்கு அனுப்பு, வீட்டுக்கு உதவியா இருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னவர்களும் எங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியவர் நம் தோட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. அவருக்குத் தமிழும் தெரியாது. பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வுக்காக நான் ஆறாம் படிவம் படித்த பள்ளியில் இரவுக் காவல் பார்த்த பாக்சிக் அவர். வயதில் பெரிய ஆண்களை மலாயில் அப்படித்தான் அழைப்போம்.

ஆறாம் படிவத்தில் சேர்ந்தபோது பாடத்தைவிடப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதுதான் பெரிய பாடாக இருந்தது. நம் தோட்டத்திலிருந்து காலையில் பஸ் கிடையாது. மாமா செம்பனை ஆலையில் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகும் வழியில் மோட்டாரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஐந்தே முக்காலுக்கு நான் பள்ளி வாசலில் நிற்பேன். நம் ஊரில் ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். முதல் நாள் பையைக் கட்டிப்பிடித்தபடி இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். பாக்சிக் டார்ச் லைட் அடித்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சின்ன கேட்டைத் திறந்து உள்ளே வரச்சொல்லி, காவல் கொட்டகைக்கு வெளியே கூரைக்குக் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

மறுநாள் போனபோது கொட்டகைக்குள்ளிருந்து வயர் இழுத்து, அந்த நாற்காலிக்கு மேலே ஒரு பல்பு தொங்கவிட்டிருந்தார். நாற்காலிக் கால் பக்கத்தில் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. கையில் இருந்த புத்தகத்தைக் காட்டி, "பாச்சாலா, அடிக்" என்றார். படி பிள்ளை என்று அர்த்தம். அவ்வளவுதான் பேசினார்.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அந்தக் கொட்டகையில் இருந்ததே ஒரு நாற்காலிதான். அவர் உள்ளே பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் நடந்து காவல் காத்த மனிதர். நான் எழுந்து நாற்காலியைக் கொடுக்கப் போனேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார். ஒன்றரை வருடம் அந்த நாற்காலி எனக்குத்தான்.

முதல் பருவத்தில் எனக்கு வந்தது 4.00-க்கு 2.17. அன்றைக்கும் அதே இடத்தில்தான் போய் உட்கார்ந்தேன், புத்தகத்தைத் திறக்காமல். அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் முதல்நாள் மலாய்ப் பேப்பரை எடுத்துவந்து மடியில் வைத்தார். ஒரு செய்தியைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தார். நான் பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடத்துக்கு மனப்பாடம் செய்வது அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பாடத்தில் கட்டுரை எழுத நாட்டு நடப்பு தெரியவேண்டும் என்று எப்படியோ புரிந்துகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் ஒரு செய்தி. நான் சத்தமாக வாசிப்பேன். உச்சரிப்பு தப்பினால் அந்தச் சொல்லை மட்டும் ஒருமுறை சொல்வார். எஸ்.பி.எம். மலாயில் தட்டுத்தடுமாறி சி வாங்கிய நான், மலாய்க் கட்டுரையைப் பயமில்லாமல் எழுதப் பழகியது அந்த பல்பு வெளிச்சத்தில்தான். முதல் பருவத் தாள்களைத் திரும்ப எழுதி, மூன்று பருவமும் சேர்ந்து 3.17 வந்தது.

இத்தனை நாளில் என் மார்க் என்ன என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அதனாலேயே எனக்கு அந்தக் கொட்டகை அவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் யு.பி.யு. முடிவில் என் பெயர் இல்லை. நான் பேசாமல் படுத்துக்கொண்டேன். மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை. மூன்றாம் நாள் மாமா வேலைக்குப் போகிறபோது பாக்சிக் ரோட்டில் இறங்கி நின்று மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். ஒரு பேப்பர் துண்டைக் கொடுத்து, "உன் பிள்ளையிடம் கொடு" என்றாராம். யு.பி.யு. மேல்முறையீட்டுச் செய்தி. கடைசி நாளைச் சுற்றி அதே பேனாக் கோடு. அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அன்று நான் எழுந்தேன். இப்போது அந்தத் துண்டு சாமி மேடையில், அப்பா படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மற்ற எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமைதோறும் காசு வாங்காமல் எஸ்.டி.பி.எம். தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு. தேர்ச்சிப் புள்ளியில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்குப் போகிறது என்று சொல்லி, மாட்டேன் என்ற என்னைக் கபடிக் குழுவில் சேர்த்துவிட்ட சாருக்கு. மறுதேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு இன்றுவரை வாய் திறக்காத கோயில் கமிட்டிக்காரர்களுக்கு. மேல்முறையீட்டுக்கு மடிக்கணினி கொடுத்த நடு லயத்து அக்காவுக்கு. பட்டணத்து ஒட்டுக்கடை அண்ணனுக்கு, எத்தனை கப் மைலோ கொடுத்தார் என்று எனக்கே கணக்குத் தெரியாது. மாமாவுக்கு என்ன சொல்வது? மழையில் தன் ரெயின்கோட்டை எனக்குப் போட்டுவிட்டு நனைந்துகொண்டு போன நாட்கள் நிறைய.

தாத்தா, தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்கத் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், அவர் காலத்திலேயே மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டிச் சேர்ந்தவர் என்று பாட்டி அடிக்கடி சொல்வார். பால்மரக்காட்டுச் சம்பளத்தில் 10 வெள்ளி லேசான காசு இல்லை. முந்தாநாள் ராத்திரி பாட்டி தாத்தா பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றினார்.

படித்து முடித்து எந்தத் தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்தாலும் சரி, சீக்கிரம் வந்து வாசலில் நிற்கிற பிள்ளை யார் என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். இதை எல்லார் முன்னாலும் எழுதிக் கொடுக்கிறேன்.

நேற்றுப் பள்ளிக்குப் போனேன். பாக்சிக் இல்லை. காண்ட்ராக்ட் முடிந்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லை. மலாயில் ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது பாக்சிக்கைச் சந்தையிலோ சுராவ் என்கிற தொழுகை இடத்துப் பக்கத்திலோ பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து படித்த பிள்ளைக்குத் தஞ்சோங் மாலிமில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிளம்புகிறேன். அதற்குள் அவரைக் கண்டுபிடித்தால் எந்நேரமானாலும் எங்கள் வீட்டில் வந்து சொல்லுங்கள், மாமா மோட்டாரோடு தயாராக இருக்கிறார்.

நன்றியுடன்,
கடைசி லயத்துப் பிள்ளை